முதுகைக் காப்பாற்றும் மேசை... ஷூ தைக்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை!

ஆம்பூர் என்றதும் பலருக்குப் பிரியாணி மணக்கும். ஆனால், வெளிநாட்டுக் கடைகளில் மின்னும் தோல் ஷூக்கள் பலவும் இந்தச் சுற்றுவட்டார வீடுகளில் பெண்களின் கைபட்டே போகின்றன. ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ இடைத்தரகர் மூலம் வீட்டுக்கு வரும். கையால் தைத்துக் கொடுத்தால் ஜோடிக் கணக்கில் கூலி. தரையில் உட்கார்ந்து, குனிந்தபடியே பல மணி நேர வேலை. கூலி கொஞ்சம்தான், முதுகுவலியும் கழுத்துவலியும் ஏராளம்.

வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. அந்த நியாயம் வரும்போது வரட்டும். முதுகுக்கான மேசையை நாமே அமைத்துவிடலாம்.

உயரம்: பாதம் தரையில் படும்படி நாற்காலியில் உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, கையை மடக்குங்கள். முழங்கை இருக்கும் மட்டம்தான் மேசையின் உயரம். நுணுக்கமான தையல் என்றால் சற்று உயர்த்தலாம்.

பலகை: பழைய கதவு கிடைத்தாலே போதும். கால்கள் ஆடாமல் இருக்கக் குறுக்குச் சட்டம் அடியுங்கள். சுத்தியலால் தட்டுவதற்கு ஒரு கிரானைட் துண்டை, மேசைக்காலுக்கு நேர் மேலே வையுங்கள். அதிர்வு குறையும்.

ஆணி: இரும்பு ஆணியின் தலை மேலே தெரியக் கூடாது. ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிட்ட தோலில் டானின் இருக்கும். ஈரத்தோடு அது இரும்பைத் தொட்டால் கறுப்புக் கறை விழும். கறை விழுந்தால் உழைப்பு வீண்!

பூச்சு: 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் பலகையைத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். கலர் பாலிஷ் வேண்டாம். வெளிர்நிறத் தோலில் சாயம் ஒட்டலாம். ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ எனப்படும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒருநாள் காயவிட்டு மறுபடி பூசுங்கள். இரண்டு மூன்று பூச்சு போதும். கையில் ஒட்டாத அளவுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே தோலை வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இடம்: ஜன்னலோரம் நல்லது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால், கை நிழல் தையலில் விழாது. ஒட்டும் சொல்யூஷன் பயன்படுத்தினால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் டப்பா எட்டவே கூடாது.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். ஊர் உலகத்துக்கே ஷூ தைத்துத் தரும் கைகள் அவை. சாயங்காலம் வேலை முடிந்து எழும்போது, சுவரைப் பிடிக்காமல் எழ முடிந்தால் அதுவே இந்த மேசையின் லாபம்!