ஸ்குவாஷ் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு படிப்பறை

வசதி குறைந்த நகர்ப்புறக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷையும் பாடத்தையும் ஒரே இடத்தில் கற்றுத் தந்து, நடுநிலைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட பிள்ளையைக் கல்லூரி வரை கைவிடாமல் கூட்டிச் செல்லும் திட்டங்கள் அமெரிக்காவில் பிறந்தவை. 1996-இல் பாஸ்டனில் கிரெக் ஜாஃப் தொடங்கிய ஸ்குவாஷ்பஸ்டர்ஸ் இவற்றில் முதலாவது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1999-இல் ஸ்ட்ரீட்ஸ்குவாஷ் வந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. பணக்காரர்களின் ஆட்டம் என்று பெயர் வாங்கிய ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நல்ல பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஆடும் விளையாட்டு அது. அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்த வளாகங்கள் அந்நியமாகத் தெரிவதில்லை.

அன்றாட நடைமுறை எளிமையானது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் கோர்ட்டுக்குள் போவார்கள், பாதிப் பேர் பக்கத்து அறையில் வீட்டுப்பாடத்துடன் உட்காருவார்கள். ஒரு மணி நேரம் கழித்து இடம் மாறிக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கோர்ட்டின் அளவே துணை. 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட அறையில் ஒரே நேரத்தில் ஆட்டம் ஆடக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். கிரிக்கெட் மைதானத்தில் 30 பேரை இறக்கிவிடலாம், இங்கே முடியாது. காத்திருக்கும் நேரம் தானாகவே படிப்பு நேரமாகிறது. இத்தகைய திட்டம் சென்னையில் வந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஆட்டம் நிற்காது என்பது கூடுதல் வசதி.

ஆட்டத்திலும் பாடம் உண்டு. போட்டிக்குரிய பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருக்கும். 40 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 24 கிராம் எடை. பையிலிருந்து எடுத்துக் கீழே போட்டால் அது எழும்பவே எழும்பாது. சொத்தென்று விழுந்து கிடக்கும். சுவரில் விடாமல் அடித்துச் சூடாக்கிய பிறகுதான் துள்ளத் தொடங்கும். உள்ளே இருக்கும் காற்று சூடேறி அழுத்தம் கூடுவது பள்ளி அறிவியல். அதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கை தெரிந்துகொள்கிறது. புதிதாக வருபவர்களுக்கு எளிதில் துள்ளும் பந்து தருவார்கள். கிளப் போட்டிகளில் ஓர் ஆட்டத்தை முடித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்காரும் வழக்கமும் பரவலாக உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன்னைவிட மூத்தவர் வழி தடைபட்டதாகச் சொல்லி மீண்டும் ஆடக் கேட்கும் ‘லெட்’டைக் கொடுப்பதா மறுப்பதா என்று உரக்கச் சொல்லியாக வேண்டும். பேசத் தயங்கும் பிள்ளைகளை இது மாற்றுகிறது.

இந்த ஆட்டத்துக்கு இந்தியாவில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது சென்னைதான். நேரு பூங்காவில் உள்ள இந்திய ஸ்குவாஷ் அகாடமியில் இந்நகரத்துப் பெண்களான ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் வளர்ந்தார்கள். கொல்கத்தாவின் சௌரவ் கோஷலும் இங்கே வந்து தங்கித்தான் பயின்றார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னாவும் தீபிகாவும் வென்ற இரட்டையர் தங்கம், அந்தப் போட்டிகளில் ஸ்குவாஷில் இந்தியாவின் முதல் பதக்கம். 2025 டிசம்பரில் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ வளாகத்துக்குள் நிறுத்திய கண்ணாடிக் கோர்ட்டில் இந்தியா ஹாங்காங்கை 3-0 என வென்று உலகக் கோப்பையைப் பிடித்தது. அந்த அணியின் வேலவன் செந்தில்குமார் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். மட்டை எந்தக் கதவைத் திறக்கும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது.

ஆனால் கோர்ட்டுகளில் பெரும்பாலானவை கிளப்புகளிலும் தனியார் வளாகங்களிலும் இருக்கின்றன. மயிலாப்பூர், மந்தைவெளி, நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பத்துப் பிள்ளைகள் அவற்றின் மதிலை மட்டுமே பார்த்திருப்பார்கள். இந்தியாவில் இந்த இரட்டைத் திட்டத்துக்கு முன்மாதிரி சண்டிகரில் இருக்கிறது: ஹார்வர்டின் முன்னாள் ஸ்குவாஷ் பயிற்சியாளர் சதீந்தர் பஜ்வா நிறுவிய கேல்ஷாலா. சென்னையில் இதன் நெருங்கிய உறவு வியாசர்பாடியில் கால்பந்தையும் மாலைப் படிப்பையும் இணைத்து நடக்கும் பணி. ஆட்டம் வேறு, முறை ஒன்றே. தென் சென்னையில் ஸ்குவாஷுக்கு இதைச் செய்யத் தேவையானவை கிட்டத்தட்ட எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதல் தேவை நேரம். பொதுவாகக் கிளப் கோர்ட்டுகளில் மாலை ஆறுக்கு மேல்தான் உறுப்பினர் கூட்டம். பள்ளி விடும் நேரத்திலிருந்து அதுவரை விளக்கணைந்து கிடக்கும் ஒன்றரை மணி நேரத்தைக் கொடுத்தால், கிளப்புக்கு மின்கட்டணம் தவிரப் பெரிய செலவில்லை. நேரு பூங்கா போன்ற பொதுக் கோர்ட்டை நாடினால் பயணம் கணக்கில் வரும். தி.நகர்ப் பிள்ளை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கலாம். மயிலாப்பூர்ப் பிள்ளை திருமயிலையில் பறக்கும் ரயில் பிடித்துப் பூங்கா நகரில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி நேரு பூங்கா போக வேண்டும். வாரம் மூன்று நாள், இருட்டிய பிறகு திரும்பி வரும் பெண்பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. வேன் இல்லாத திட்டத்தில் முதலில் நின்றுவிடுபவர்கள் பெண்பிள்ளைகள்தான்.

இதைவிடக் கடினமான பயணம் ஒன்று உண்டு. நீர்நிலை ஓரக் குடியிருப்புகள் அகற்றப்படும்போது குடும்பங்கள் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. 2022-இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரிலும் இதுதான் நடந்தது. கல்வியாண்டின் நடுவில் 20 கிலோமீட்டர் தள்ளிப் போகும் பிள்ளைக்குப் பள்ளியும் ஆசிரியரும் நண்பர்களும் சேர்ந்தே அறுந்துபோகிறார்கள். பத்தாண்டு கூட வருவோம் என்று சொல்லும் திட்டம், அந்தப் பிள்ளையின் பின்னால் பெரும்பாக்கம் வரை போகத் தயாராக இருந்தால்தான் சொன்ன சொல்லுக்கு அர்த்தம்.

அடுத்த முறிவு பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வந்துவிட்டால் விளையாட்டுக்கு முழுக்கு என்பது இங்கே எழுதாத சட்டம். படிப்பறை கூடவே இருந்தால் பெற்றோருக்கு அந்தப் பயம் குறைகிறது. அங்கே உட்காரும் கணக்கு ஆசிரியர், பயிற்சியாளருக்குச் சமமான ஊதியம் பெற வேண்டியவர். நன்கொடையாளர்கள் மட்டை வாங்கித் தர முன்வருவார்கள், ஆசிரியர் சம்பளம் என்றால் தயங்குவார்கள். உண்மையில் திட்டத்தைத் தாங்குவது அந்தச் சம்பளம்தான். அந்த ஆசிரியருக்குத் துணையாகத் தன்னார்வலர்களும் சேரலாம்: அவர்களால் வீட்டருகே மாலை வகுப்பு நடத்த முடியும் என்பதை 2021-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் காட்டியிருக்கிறது.

பணத்துக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பட்டியலில் கல்வியும் உண்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. இத்திட்டம் இரண்டிலும் பொருந்தும். பணம் கொடுப்பவர் கேட்க வேண்டியவையும் உண்டு. பயிற்சியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, பின்சுவர் கண்ணாடியால் ஆனதா, உள்ளே நடப்பது வெளியே தெரியுமா? நான்கு சுவருக்குள் ஆடும் ஆட்டத்தில் இவை சம்பிரதாயக் கேள்விகள் அல்ல.

தனியாள் செய்யக்கூடியதும் கொஞ்சம் இல்லை. வாரம் இரண்டு மாலை, ஒரு முழுக் கல்வியாண்டு, ஒரே பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலமோ கணக்கோ சொல்லித் தருவது அதில் முதன்மையானது. கண் பாதுகாப்புக் கண்ணாடிகள் எப்போதும் பற்றாக்குறை. தரையில் தடம் பதிக்காத அடிப்பாகம் கொண்ட காலணி வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் சிறியதாகிவிடும். கிளப் வாசலில் ஒரு பெட்டி வைத்தால், உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்குப் போதாமல் போன ஜோடி அடுத்த வாரமே இன்னொரு காலுக்குச் சரியாக இருக்கும்.