மோட்டார் ஓடுது... தண்ணி வரலே!

காலை 6 மணி. மோட்டார் 'கிர்'ரென்று ஓடுகிறது. குழாயைத் திறந்தால் நூல்போலத் தண்ணீர்! ஆபீசுக்கு நேரமாகிறது. தலையிலோ சோப்பு நுரை!

காரைக்காலில், பார்வதீஸ்வரர் கோவில் உள்ள கோவில்பத்துப் பக்கம் வீட்டில் கிணறோ, போரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை நேரலாம். உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "மோட்டாரை மாத்திடுங்க சார், பெரிசா போடுங்க!"

அவசரப்படாதீர்கள். காசும் போகும், கிணறும் கெடும்!

மேலேயா, கீழேயா?

முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். டேங்கில் விழும் தண்ணீரைப் பாருங்கள். அங்கே 'தடதட'வென்று விழுந்தால் மோட்டார் மீது குற்றம் இல்லை. டேங்கிலிருந்து குழாய்க்கு வரும் வழியில்தான் கோளாறு.

ஒரு குழாயில் மட்டும் குறைவா? அதன் வாயைக் கழற்றி அழுக்கை எடுத்தால் போதும். எல்லாக் குழாயிலுமா? கேட் வால்வு பாதி மூடியிருக்கலாம். பழைய இரும்புக் குழாயில் துரு அடைத்திருக்கலாம்.

டேங்கின் உயரமும் முக்கியம். 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தலைக்கு ஒரு மீட்டர் மேலே டேங்கை வைத்துவிட்டு ஷவர் கொட்டவில்லை என்றால் எப்படி?

புட்வால்வு ஒழுகுதா?

டேங்கிலேயே குறைவாக விழுந்தால் கீழே வாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, மோட்டார் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். ஊற்றிய தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால் புட்வால்வு ஒழுகுகிறது. மணல் சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். உறிஞ்சும் குழாயின் இணைப்பில் ஓட்டை இருந்தாலும் காற்றுதான் வரும். வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் திணறும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். மேலே நிற்கும் சாதாரண மோட்டார் சுமார் 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. குதிரைசக்தியைக் கூட்டினாலும் உறிஞ்சாது! கிணற்றில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். விஷவாயு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

எட்டிப் பார்க்கும் கடல்

நீர்மட்டம் இறங்கியிருந்தால், ஆழத்தில் இறக்கும் பெரிய மோட்டார் தண்ணீரைக் கொட்டத்தான் செய்யும். ஆபத்தும் அங்கேதான்!

கடலோர மண்ணில் உப்புத் தண்ணீர் கீழே. நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. நெதர்லாந்து என்ஜினீயர் கைபனும், 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் சொன்ன கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி குறைந்தால், கீழே உப்புத் தண்ணீர் நாளடைவில் சுமார் 40 அடி மேலேறும்!

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, கடல் கரையேறி வந்து காரைக்கால் கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. பெரிய மோட்டாரோ, அதே கடலைப் பூமிக்குள் வழிகாட்டி அழைத்து வரும்!

என்ன செய்யலாம்?

ஒரேயடியாக இறைக்காமல், கொஞ்ச நேரம் ஓட்டி, ஊற விட்டு மறுபடி ஓட்டுங்கள். டேங்க் பெரிதாக இருக்கட்டும். கூரையில் விழும் மழைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுப் பக்கம் பூமியில் இறக்குங்கள். நாக்கில் உவர்ப்புத் தட்டினால், இறைப்பை உடனே குறையுங்கள்.

இன்னொன்று. டேங்க் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று மோட்டார் பக்கத்துச் சுவரில் இன்றே சாக்பீசால் எழுதி வையுங்கள். 20 நிமிஷம் 30 ஆகும்போதே விழித்துக்கொண்டால், சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதில்லை!