தராசின் மூன்று விடைகள்

மகளின் திருமணத்துக்கென ஒரு தாய் சேர்த்த ஒன்பது பவுண் காசுகளைச் செட்டியார் தெருவுக்குக் கொணர்கிறாள் எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்று போலி. பொன்னினும் செம்பு இலேசானதாதலின், எடை குறைந்தது. உரைகல்லில் உரைப்பின் நல்ல காசும் தேயும். படிக்கல் இல்லை, தராசு மட்டுமே உண்டு. எத்தனை நிறுவை வேண்டும்?

என் மாணாக்கர் பெரும்பாலும் தட்டுக்கு நான்காக வைத்துப் பாதிபாதியாகக் குறைப்பர். அதற்கு மூன்று நிறுவை வேண்டியிருக்கலாம். நேயர்களே, தட்டுக்கு மூன்றாக வையுங்கள்; மூன்றை வெளியே விடுங்கள். ஒரு தட்டு உயர்ந்தால் போலி அதில். சமமாக நின்றால், வெளியே உள்ள மூன்றில். அம்மூன்றில் இரண்டைத் தட்டுக்கு ஒன்றாக நிறுத்தால் முடிந்தது. தட்டில் ஏறாத காசுக்கும் தராசு சாட்சி சொல்கிறது! இதைத்தான் பிள்ளைகள் மறக்கின்றனர். நிறுவை ஒன்றுக்கு விடை மூன்றாதலின், மூன்று நிறுவையில் 27 காசுகளையும் ஆராயலாம்.

போலி கனமோ இலேசோ எனத் தெரியாவிடின் சிக்கல் மிகும். அப்போது போலியையும் அது கனமோ இலேசோ என்பதையும் கண்டறிய மூன்று நிறுவைக்கு 12 காசுகளே எல்லை. இதற்குப் பொதுவிதியை 1946இல் பிரீமன் டைசன் வெளியிட்டார். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகைவண்டியில் செல்வோர் வழியில் முயன்று பார்க்கலாம். முதலில் தட்டுக்கு நான்கு வையுங்கள்.