ராம் ஏன் நிரம்புகிறது?

எதையும் திறக்கவில்லை; ஆனாலும் 8 ஜிபி ராமில் பாதி போய்விட்டது. ஏன்?

விண்டோஸுக்கே ஒரு பங்கு வேண்டும். அடிக்கடி பயன்படும் கோப்புகளையும் அது ராமில் ஏற்றி வைக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘கேச்டு’ என்பது பெரும்பாலும் இதுதான். வேறு புரோகிராம் கேட்டால் இடம் விட்டுவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது கசிவுக்கு. வாங்கிய நினைவகத்தைப் புரோகிராம் திருப்பித் தராமல் மேலும் மேலும் கேட்பதுதான் கசிவு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘மெமரி’ தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். சும்மா இருக்கும்போதும் எந்தப் புரோகிராமின் எண் ஏறிக்கொண்டே போகிறது?

பட்டியலில் எதுவும் சிக்கவில்லை, ஆனால் 90 சதவீதம் காட்டுகிறதா? ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘மெமரி’யின் கீழ் ‘நான்-பேஜ்டு பூல்’ பாருங்கள்; விண்டோஸும் டிரைவர்களும் பயன்படுத்தும் நினைவகம் அது. வீட்டுக் கணினியில் அது பல ஜிபி இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரின் கோளாறு. நெட்வொர்க் டிரைவரை முதலில் புதுப்பியுங்கள். புது ராம் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.