மல்லாட்டை வயலின் படைப்பாளிகள்

புதிய பயிர் ரகம் ஒன்றை உருவாக்குவதைக் கற்பனை வேண்டிய வேலையாகப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. வயல் பதிவேடு, எடைத் தராசு, ஆண்டறிக்கை என்று நடக்கும் அரசுப் பணியாகவே அது வெளியே தெரிகிறது. ஆனால் இதுவரை எந்த நிலத்திலும் இல்லாத ஒரு செடியை மனத்தில் கண்டு, அதை மண்ணில் காண்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைப்பவரைப் படைப்பாளி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. அம்மாவட்டத்தின் திருவாமாத்தூர் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற ஊர். இரட்டைப் புலவர்கள் அத்தலத்தின்மீது கலம்பகம் பாடினர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) அங்கே மடம் நிறுவினார். அதே மாவட்டத்தின் திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த நிலக்கடலை, எள், ஆமணக்கு ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளையும் ஓர் எண்ணையும் தாங்கி வெளிவருகின்றன. கலம்பகத்தைப் பாடியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். டி.எம்.வி. 2 கடலையை உருவாக்கியவர் யார் என்பது, அதை ஆயுள் முழுக்க விதைத்தவருக்கும் தெரியாது.

நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இப்பகுதி மக்கள் அதை மல்லாட்டை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. வந்த இடத்துக்கு ஏற்பப் பயிரை மாற்றி அமைக்கும் வேலை அடுத்த நூற்றாண்டில் தீவிரமானது.

1940இல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் பகுதியில் பயிரான கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. இதில் ஒட்டுச் சேர்க்கை எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த வயலில் எந்தச் செடிகளை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்ற தேர்வு மட்டுமே. கேட்பதற்கு எளிது. ஆனால் கடலைக்காய் மண்ணுக்குள் இருக்கிறது. பிடுங்கும்வரை விளைச்சல் தெரியாது. மேலே தழைத்து நிற்கும் செடி கீழே நாலு காயோடு வரும்; பார்வைக்குச் சாதாரணமான செடியில் காய் கொத்தாகத் தொங்கும். ஆயிரக்கணக்கான செடிகளைப் பார்த்துப் பழகிய கண்ணே இங்கே கருவி. ஏறக்குறைய 105 நாளில் விளையும் அந்த ரகம் தமிழகத்தைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம் வரை பரவி, பல பத்தாண்டுகள் மானாவாரி நிலங்களில் நிலைத்தது.

ஒட்டுச் சேர்ப்பது இதைவிட நுண்ணிய கைவேலை. கடலைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். விடியலில் பூ விரிவதற்குள் அது பெரும்பாலும் முடிந்துவிடும். எனவே, தாய்ச் செடியாகத் தேர்ந்த செடியின் மொட்டை முந்தின நாள் மாலையிலேயே பிரித்து, சிறு இடுக்கியால் மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் நீக்க வேண்டும். சூலகத் தண்டு ஒடிந்தால் மொட்டு வீண். மறுநாள் காலை, தந்தைச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவி, நூல் கட்டி அடையாளம் வைப்பார்கள். பிறகு விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும். இவ்வளவுக்கும் பலன் ஒரு காயில் இரண்டு பருப்பு.

இரண்டாம் தலைமுறையில்தான் உண்மையான சோதனை. அங்கே ஒவ்வொரு செடியும் ஒரு விதமாக வரும். எதை அடுத்த பட்டத்துக்கு எடுத்துச் செல்வது என்பதை எந்தச் சூத்திரமும் முழுதாகச் சொல்லிவிடாது. தேர்ந்த செடிகள் ஐந்தாறு தலைமுறை மாறாமல் வந்து, பல ஊர்களின் சோதனைத் திடல்களிலும் உழவர் வயல்களிலும் தேறினால்தான் ரகத்துக்குப் பெயர்.

இந்தத் தொழிலில் கற்பனையைக் கூர்மையாக்குவது கட்டுப்பாடுகளே. கொத்துக்கடலை சீக்கிரம் விளையும். ஆனால் அதன் விதைக்கு உறக்கம் இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடிக்கடலை விதை உறங்கும். ஆனால் வயது நீளம், மழை பொய்த்தால் காயும். உறக்கம் அதிகமானாலும் கேடுதான், அடுத்த பட்டத்தில் விதை முளைக்காது. ஆக, சீக்கிரம் விளைந்து, இரண்டு மூன்று வாரம் மட்டும் உறங்கி, இலைப்புள்ளியையும் துருவையும் தாங்கி, செக்குக்கும் ஆலைக்கும் போதிய எண்ணெய் தரும் செடி வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று நழுவும் இந்தப் புதிருக்குத் தீர்வு தேடிக் காட்டுச் செடிகள் வரை போயிருக்கிறார்கள். பொலிவியாவின் காட்டுக் கடலை ஒன்றில் இருந்த நோய் எதிர்ப்பை வயல் கடலைக்குக் கொண்டுவந்தது அப்படித்தான். காட்டுச் செடிக்கு 20 குரோமோசோம், வயல் கடலைக்கு 40. இரண்டும் நேரடியாக இணங்காது. அந்த இடைவெளியைக் கடக்க வழி கண்டது துணிச்சலான சிந்தனை.

இத்துணிச்சலுக்குத் தமிழகத்தில் மூத்த முன்னோடி கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். 1912இல் தொடங்கிய அந்நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், தடித்த இனிப்புக் கரும்பை நாணல்போல் வளரும் காட்டுக் கரும்போடு சேர்த்தனர். சாறற்ற களையைக் கரும்போடு சேர்த்தால் என்ன மிஞ்சும் என்ற ஐயம் இயல்பானது. மிஞ்சியது 1918இல் வெளியான கோ 205. வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கிய கரும்பு. வெங்கட்ராமன் பின்னாளில் மூங்கிலோடும் கரும்பைச் சேர்த்துப் பார்த்தார். அங்கே பணியாற்றிய இ.கே. ஜானகி அம்மாள் மக்காச்சோளத்தோடு சேர்த்தார். இவை வயலுக்கு வரவில்லை. ஆனாலும் இப்படிக் கேட்டுப் பார்க்கும் மனம் இல்லாமல் கோ 205 பிறந்திருக்காது.

பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய ஆற்றலும் இல்லை இது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்துச் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே 1983இல் தம் நெல் வயலில் வேறு நிறத்தில் இருந்த சில கதிர்களைக் கவனித்தார். அவற்றைத் தனியே விதைத்து, ஆண்டுதோறும் தேர்ந்து, எச்.எம்.டி. என்ற மெல்லிய அரிசி ரகத்தை உருவாக்கினார். அது பல மாநிலங்களுக்குப் பரவியது. பெயரும் பணமும் அவருக்கு மிகத் தாமதமாகவே, அதுவும் குறைவாகவே வந்தன. 2018இல் அவர் காலமானார்.

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, ரகம் உருவாக்குபவரின் உரிமையை ஏற்றுப் பதிவு செய்ய வழி தருகிறது. விவசாயி உருவாக்கிய ரகத்துக்கும் அந்த உரிமை உண்டு. வயற்பயிர்களுக்கு அது அதிகபட்சம் 15 ஆண்டு. வேறு ரகங்களிலிருந்து தெளிவாக மாறுபட்டிருக்க வேண்டும், ஒரே சீராக இருக்க வேண்டும், தலைமுறை தாண்டியும் மாறாமல் வர வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள்.

எனவே கடலை பிடுங்கும்போதோ நெல் அறுக்கும்போதோ மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஒரு செடி கண்ணில் பட்டால், அதன் விதையைப் பொது மூட்டையில் கொட்டிவிட வேண்டாம். தனியே காயவைத்து, அடுத்த பட்டத்தில் தனி வரிசையில் விதைத்துப் பாருங்கள். மாறாமல் வந்தால் திண்டிவனத்திலோ அருகிலுள்ள வேறு ஆராய்ச்சி நிலையத்திலோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.