தகர டப்பாவுக்குள் மூன்று தட்டுகள்

1979 நவம்பரில் பிரிட்டனின் ரெக்கார்ட் கடைகளுக்கு வட்டமான ஒரு தகர டப்பா வந்தது. சினிமாப் பிலிம் சுருளைப் போட்டு வைக்கிற அதே டப்பா. மூடியில் குழுவின் சின்னம் புடைப்பாக அச்சாகியிருந்தது. உள்ளே 12 அங்குல இசைத்தட்டுகள் மூன்று. நடுவில் வெறும் காகிதத்தை வைத்து நெருக்கி அடைத்திருந்தார்கள். கீறல் விழாமல் வெளியே எடுப்பதே பெரும்பாடு. பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற போஸ்ட்-பங்க் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘மெட்டல் பாக்ஸ்’ இப்படித்தான் ரசிகர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் டப்பாவோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ உள்ளே இருக்கிற கணக்குதான் வியப்பு. மொத்தம் ஒரு மணி நேர இசை. அதற்கு ஆறு பக்கங்கள், அதுவும் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். ஏன் இவ்வளவு தாராளம்?

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவிலிருந்து விலகி வந்த, இந்தக் குழுவின் பாடகர் ஜான் லைடன் 1978-இல் ஜமைக்கா போய்வந்தவர். அங்கே தெருவோர ஒலிபெருக்கிகளில் அதிரும் டப் இசையில் அவருக்கு ஈடுபாடு அதிகம். பேஸ் கிடார் வாசித்த ஜா வாபிளுக்கோ டப் என்றால் உயிர். பாட்டின் முதுகெலும்பே அவருடைய தடித்த, மெதுவாக உருளும் பேஸ்தான். அதற்கு மேலே கீத் லெவினின் கிடார் கண்ணாடிச் சில்லுகளாகச் சிதறும். அவர் வாசித்த கிடார்களில் ஒன்று முழுக்க அலுமினியத்தாலான வெலெனோ. ஒருவர் அடித்தளம், மற்றவர் உச்சி. இந்த இருவரும் தட்டிடம் கேட்டது வேறு வேறு.

தட்டில் ஒலி என்பது ஒரே நீளமான வரிப்பள்ளம். வயலைச் சுற்றிச் சுற்றி உழும் சால்போல விளிம்பில் தொடங்கி மையம் நோக்கிச் சுருண்டு போகிறது. பள்ளம் பக்கவாட்டில் நெளிய, ஊசியும் அதோடு நெளிகிறது. சுருதி இறங்க இறங்க, அதே பலமுள்ள ஒலிக்கு நெளிவு அகலமாகிறது. அப்படியே வெட்டினால் பேஸ் பக்கத்துப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். அதனால் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அவற்றைத் திரும்ப உயர்த்துகிறது. 20 ஹெர்ட்ஸ் பக்கம் நெளிவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அப்படியும் வாபிளுக்கு இடம் வேண்டும். பத்து நிமிடம், 45 சுற்று என்றால் பக்கத்துக்கு 450 சுற்றுகள். ஒலி பதியும் அகலம் சுமார் 86 மில்லிமீட்டர். வரிக்கு வரி சராசரி இடைவெளி 0.19 மில்லிமீட்டர். இதே ஒரு மணி நேரத்தை வழக்கமான 33⅓ சுற்றுத் தட்டு ஒன்றில் திணித்திருந்தால் பக்கத்துக்கு 1,000 சுற்று. இடைவெளி பாதிக்கும் கீழே போயிருக்கும், பேஸை அடக்கியே வெட்டியிருக்க வேண்டும்.

லெவினுக்கு வேண்டியது வேகம். 45 சுற்றில், விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 69 சென்டிமீட்டர் ஓடுகிறது. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலை அங்கே 17 மில்லிமீட்டர் நீளம், கண்ணால் பார்க்கலாம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 0.07 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒரே பள்ளத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக.

‘ஸ்வான் லேக்’ பாட்டை இதை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டும். புற்றுநோயில் இறந்த தன் தாயை நினைத்து லைடன் கதறுகிறார். கீழே டிஸ்கோ தாளத்தில் பேஸ் நடக்கிறது. மேலே லெவினின் கிடார் சைக்கோவ்ஸ்கியின் பாலே மெட்டைக் கோணல்மாணலாக இழுக்கிறது. மூன்றையும் ஒரே ஊசிமுனை, ஒரே ஓட்டத்தில் தடவிப் பிரித்துத் தருகிறது. இயந்திரங்களில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு நுட்பமும் சேர்ந்த இன்னொன்றை நான் அறியேன்.

டப்பா விலை கூடியது. 1980-இல் இதே பாடல்கள் ‘செகண்ட் எடிஷன்’ என்ற பெயரில் அட்டை உறைக்குள் இரண்டு தட்டுகளாக, 33⅓ வேகத்தில் வந்தன. பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம், 500 சுற்று. கணக்குப் போட்டால் பேஸுக்குக் கிடைத்த இடம் பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது வேகம். மையத்தை நெருங்கும்போது சுற்றளவு சுருங்குவதால் பள்ளம் நொடிக்கு 21 சென்டிமீட்டர்தான் ஓடும்; 45-இல் அது 28. அந்த இடத்தில் 10,000 ஹெர்ட்ஸ் அலை 0.02 மில்லிமீட்டராக நெருங்கிவிடும். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், நெளிவுக்குள் முழுதாக இறங்க முடியாமல் உச்ச ஒலிகள் மங்கும்.

டப்பாவின் ஆறாவது பக்கத்தில், மையத்துக்கு மிக அருகே இருப்பது கடைசிப் பாடலான ‘ரேடியோ 4’. பாட்டுக் குரலே இல்லை. லெவின் சிந்தசைசரில் எழுப்பிய தந்தி இசை அகன்று மேலே ஏறுகிறது. தட்டு தன் ஓட்டத்தில் மிகவும் தளர்ந்துபோகும் இடத்தில் வருகிற அந்த இசைக்கு, 45 சுற்று கொடுத்த அந்தக் கூடுதல் ஏழு சென்டிமீட்டர் தேவைப்பட்டது.