கடலன்னையின் குழந்தைகள்

சென்ற மாசி மாதத்தில், தாம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் துவக்கப் பள்ளிக் குழந்தைகள் கோவளம் கடற்கரைக்கு அழைத்துவரப்பட்டனர். இரவில் ஆமை ஒன்று கரையேறி முட்டையிட்டுச் சென்ற தடம் மணலில் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கண்ட ஒரு சிறுமி, “குஞ்சுகளை விட்டுவிட்டு அம்மா எங்கே போயிற்று? அவற்றுக்கு யார் சோறு ஊட்டுவார்கள்?” என்று வினவினாள். அவ்வினாவுக்குரிய விடையை ஆசிரியர்களும் தாய்மார்களும் தத்தம் குழந்தைகளுக்கு எடுத்துக் கூறுவது நலம்.

ஆமைக் குஞ்சு

நம் கரைக்கு வரும் ஆமையைப் பங்குனி ஆமை என்பர். தை முதல் பங்குனி வரை, நீலாங்கரை, கோவளம் முதலிய இடங்களில் இது இரவில் கரையேறுகிறது. பின்கால் துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழத்தில் பானை போன்ற குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இடுகிறது. பின்னர் மணலைத் தள்ளி மூடி, உடலால் அழுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. மீண்டும் வந்து பார்ப்பதில்லை.

கோழி அடைகாப்பதைப் போல் இங்கே மணலின் வெப்பமே அடைகாக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றுகின்றன. 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சு, மூக்கு நுனியிலுள்ள கூர்மையான சிறு முளையால் முட்டையோட்டைக் கிழிக்கிறது. தனியொரு குஞ்சால் மணலைக் கடந்து மேலே வருவது அரிது. ஆகவே உடன்பிறந்தவை யாவும் ஒன்றுசேர்ந்து மணலைத் தள்ளி, பெரும்பாலும் இரவில் வெளிவருகின்றன.

குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு உயிருக்கு வழிகாட்டுவது வெளிச்சமே. இருளில், கரையைவிடக் கடற்பரப்பே சற்று ஒளியுடன் தோன்றும். அவ்வொளியை நோக்கி அது விரைகிறது. உடலில் எஞ்சியுள்ள மஞ்சள் கரு முதற் சில நாட்களுக்கு உணவாகிறது. தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அதுவே. பத்து, பதினைந்து ஆண்டுகளில் இரண்டடிக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 40 கிலோ எடையும் பெற்று, பெண் ஆமை தான் பிறந்த கரைப்பகுதியையே நாடி வருகிறது. நண்டு, காகம், மீன் முதலியவற்றுக்குத் தப்பி அந்நிலையை அடைவது ஆயிரத்தில் ஒன்றே என்பர்.

இறால் குஞ்சு

இறாலின் கதை வேறு. தாய் இறால் கடலில் இலட்சக்கணக்கான முட்டைகளை விடுகிறது. ஒரு நாளுக்குள் அவை பொரிகின்றன. குஞ்சு தாயைப் போன்றே இராது. பன்முறை தோலுரித்து, உருமாறி, ஏறத்தாழ இரு வாரங்களில்தான் இறாலின் வடிவத்தைப் பெறுகிறது. பின்னர் அலையுடனும் ஏற்றநீருடனும் முட்டுக்காடு போன்ற உப்பங்கழிகளுக்குள் புகுந்து, சில மாதங்கள் வளர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. ஆமைக்கு மணல் தொட்டில் எனின், இறாலுக்கு உப்பங்கழியே தொட்டில்.

இத்தொட்டில் தாம்பரத்துக்குத் தொலைவிலுள்ளதென எண்ணலாகாது. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டருகே கடல் சேர்கிறது. செம்பாக்கம் ஏரியில் எறியப்படும் பிளாஸ்டிக் பை, இறால் குஞ்சு வளரும் இடத்தையே சென்றடையக் கூடும்.

நம் கடமை

1988 முதல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காப்பிடங்களில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகின்றனர். வனத்துறையும் காப்பிடங்கள் நடத்துகிறது. ஆயினும் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் நம் கரையில் இறந்தொதுங்கின. நுரையீரலால் சுவாசிக்கும் ஆமை, இழுவலையில் சிக்கி மேலே வர இயலாதபோது மூச்சடைத்து மடிகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு நடைமுறையிலுள்ள மீன்பிடித் தடைக்காலம், ஆமைகள் முட்டையிட்டுச் சென்ற பின்னரே தொடங்குகிறது. எனவே கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை வீசலாகாது என்னும் விதியும், வலையில் ஆமை வெளியேறும் வழி வைத்தலும் தை முதலே கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும்.

கரையோர ஊராட்சிகள், பங்குனி, சித்திரை இரவுகளில் கடலை நோக்கிய விளக்குகளை அணைக்கவோ மறைக்கவோ ஏற்பாடு செய்யலாம். செயற்கை ஒளியைக் கடலென நம்பிச் சாலைக்கு வரும் குஞ்சு, காலைக்குள் இறந்துவிடும். பொடி இறாலையும் வாரும் நெருங்கிய கண்ணி வலைகளை மீனவப் பெருமக்கள் தவிர்ப்பது, அவர்களுடைய அடுத்த ஆண்டு வருவாய்க்கே பாதுகாப்பாகும்.

அச்சிறுமிக்கு நாம் கூறவேண்டிய விடை இதுவே: “அம்மா ஆமை கடலுக்குப் போய்விட்டது, கண்ணே. குஞ்சுக்கு யாரும் ஊட்ட வேண்டியதில்லை. அது தானே வளரும். அது போகும் வழியை மட்டும் நாம் கெடுக்காதிருக்க வேண்டும்.”